இடக்கை ஷிஃப்டும் சாய்ந்த வீடும்: ஆட்டோகேடில் தவறி முப்பரிமாணத்துக்குப் போகாமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்குப் படம் வரைந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வாசலில் நின்று பார்த்தால் வீடு 14 அடிதான். உள்ளே நுழைந்தால் தார்சா, பட்டாசல், அடுக்களை, அங்கணம் என்று போய்க்கொண்டே இருக்கும். புறவாசலைத் தொடும்போது 90 அடி ஆகியிருக்கும்.

இந்த நீளவாக்கு வீட்டை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முழு வீடும் தெரிகிற மாதிரி வைத்தால் 9 அங்குலச் சுவர் ஒரே கோடாகச் சுருங்கிவிடும். சுவரின் இரு கோடும் தெரிய நெருங்கினால் அடுத்த அறை திரைக்கு வெளியே ஓடிவிடும். அதனால் வலக்கை மவுஸ் சக்கரத்தை அழுத்தியபடி படத்தை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே இருக்கும். இடக்கை சும்மா இருக்காது; அது ஷிஃப்ட் விசையின்மேல் இருக்கும். இந்த இரண்டு கைகளும் ஒரே நொடியில் அழுத்தும்போதுதான் எங்கள் அலுவலகத்தில் அந்தக் குரல் எழும்.

"அண்ணாச்சி, வீடு மல்லாந்துவிட்டது!" நேர் மேலிருந்து பார்த்த இருபரிமாணப் படம் சுழன்று முப்பரிமாணப் பார்வைக்குச் சாய்ந்துவிட்டது என்று பொருள்.

வண்ணார்பேட்டையில் நான் வீட்டுப் படம் வரையும் அறைக்குப் பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் வேலை பழக வருவார்கள். சேர்ந்த முதல் வாரத்துக்குள் ஒவ்வொருவரும் இதை ஒரு முறையாவது சொல்லிவிடுகிறார்கள். சொல்கிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். சொல்லாமல் தாங்களே எதையோ அழுத்தி நிமிர்த்திவிட்டு வரைவதைத் தொடர்கிறவர்களின் படங்கள்தான் பிறகு என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். குழப்பம் வரக்கூடிய பெயர்களை எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்.

முதலில் நிமிர்த்துவோம்

படம் சாய்ந்ததும் பெரும்பாலோர் திரை மூலையில் இருக்கும் வியூகியூப் என்ற கனசதுரத்தைப் பிடித்து உருட்டத் தொடங்குவார்கள். வேண்டாம். கையை மவுஸிலிருந்து எடுங்கள். எஸ்கேப்பை இரண்டு முறை அழுத்துங்கள். இந்தச் சுழற்சி, ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்தாமல் அதன் நடுவிலேயே நுழையக்கூடியது. லைன் கட்டளை பாதியில் நிற்கும்போது படம் சாய்ந்திருக்கலாம். அடுத்து எங்கே கிளிக் செய்தாலும் ஒரு கோடு விழும்.

சாய்ந்த பிறகு எதையும் வரையவில்லை என்றால், யூ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டி எண்டர் கொடுங்கள். பார்வை மாறியதையும் அது திருப்பிக் கொடுக்கும். இருந்த இடத்துக்கே போய்விடுவீர்கள்.

ஏற்கெனவே வேலை தொடர்ந்துவிட்டது என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். வரிசை முக்கியம்.

1. யுசிஎஸ் என்று தட்டி எண்டர்; பிறகு டபிள்யூ, எண்டர். வரையும் தளம் உலக ஆயத்துக்கு, அதாவது தரைக்குத் திரும்பும்.

2. பிளான் என்று தட்டி எண்டர். பிறகு டபிள்யூ, எண்டர். பார்வை நேர் மேலிருந்து பார்ப்பதாக மாறும். படம் முழுவதும் திரைக்குள் சுருங்கி வந்து நிற்கும். இது இந்தக் கட்டளையின் இயல்பு, எதுவும் தொலையவில்லை.

3. சுவர்களும் பின்னணியும் வேறு நிறத்தில் தெரிந்தால் காட்சி முறை மாறியிருக்கிறது. விஎஸ்கரண்ட் என்று தட்டி எண்டர் கொடுத்து, 2 என்ற எண்ணைத் தட்டி எண்டர் கொடுங்கள். இருபரிமாணக் கம்பிச்சட்ட முறை வந்துவிடும்.

4. இணைகோடுகள் ரயில் தண்டவாளம்போலத் தூரத்தில் குவிவதாகத் தெரிந்தால், பெர்ஸ்பெக்டிவ் என்று தட்டி மதிப்பை 0 ஆக்குங்கள்.

முதல் படியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்கிறவர்கள் உண்டு. பார்வை நேராகிவிடும், ஆனால் வரையும் தளம் சுவரைப்போலச் செங்குத்தாகவே நிற்கலாம். அப்போது கோடு போட்டால் திரையில் எங்கேயோ ஒட்டிக்கொண்டதுபோல நகர மறுக்கும். "மவுஸ் கெட்டுவிட்டது" என்று புது மவுஸ் வாங்கி வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. தெரு கோணலாக இருக்கும் மனைகளுக்குச் சிலர் பார்வையை வேண்டுமென்றே திருப்பி வைத்து வரைவார்கள். அந்தக் கோப்பில் பிளான் கொடுத்தால் அந்தத் திருப்பமும் போய்விடும். அப்படிப்பட்ட படத்தைத் திறந்ததும் வியூ கட்டளையில் அந்தப் பார்வைக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் அதற்குத் திரும்பலாம்.

எந்த வாசல் வழியாக நுழைந்தது?

நிமிர்த்துவது அரை நிமிட வேலை. ஒரு நாளில் பத்து முறை நிமிர்த்த வேண்டியிருந்தால் நுழைந்த வாசலைத் தேடிப் பூட்ட வேண்டும்.

முதலாவதும் பெரியதுமான வாசல் ஷிஃப்டும் சக்கரமும். சக்கரத்தை மட்டும் அழுத்தி இழுத்தால் படம் நகரும். ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தி இழுத்தால் ஆர்பிட், அதாவது சுழற்சி. கன்ட்ரோலையும் சேர்த்துக்கொண்டால் கட்டுப்பாடில்லாத சுழற்சி. இது பிழை அல்ல, முப்பரிமாணத்தில் வேலை செய்கிறவர்களுக்கான வசதி.

நமக்குத் தொல்லை எங்கே வருகிறது என்றால், இருபரிமாண வேலையிலும் ஷிஃப்டுக்கு ஓயாத வேலை இருக்கிறது. ட்ரிம் (கோட்டை வெட்டுதல்) செய்யும்போது ஷிஃப்டை அழுத்தினால் அது எக்ஸ்டெண்ட் (நீட்டுதல்) ஆகும். ஃபில்லெட்டில் ஷிஃப்டை அழுத்தினால் இரண்டு கோடுகளும் கூர்மூலையாகச் சேரும். தேர்ந்தெடுத்ததில் ஒன்றை விலக்க ஷிஃப்ட். கோட்டை நேராக மட்டும் போகவிடும் ஆர்த்தோவைத் தற்காலிகமாக மாற்ற ஷிஃப்ட். கோட்டின் முனை, நடு போன்ற புள்ளிகளில் ஒட்டவைக்கும் ஆப்ஜெக்ட் ஸ்னாப் பட்டியலை வரவழைக்க ஷிஃப்டோடு வலது கிளிக். டவுன் வீட்டில் பட்டாசல் சுவரை நீட்டப் போகிறீர்கள், ஷிஃப்டை அழுத்தியாகிவிட்டது, நீட்ட வேண்டிய முனை திரைக்கு வெளியே இருக்கிறது, கை தன்னால் சக்கரத்தை அழுத்தி இழுக்கிறது. வீடு மல்லாந்துவிடும்.

ஆகவே நான் சொல்லித்தரும் பழக்கம் ஒன்றே: படத்தை இழுக்கும் முன் இடக்கைச் சுண்டுவிரலைத் தூக்கு. புதிதாக வருகிற தம்பிகளிடம் ட்ரிம்மை ஷிஃப்ட் இல்லாமல், எக்ஸ்டெண்டைத் தனிக் கட்டளையாகவே ஒரு மாதம் பயன்படுத்தச் சொல்கிறேன். வேகம் சற்றுக் குறையும். பரவாயில்லை.

பழக்கத்தால் முடியாது என்கிறவர்கள் இந்த இணைப்பையே கழற்றிவிடலாம்:

1. சியுஐ என்று தட்டி எண்டர். பயனர் இடைமுகத்தை மாற்றும் பெரிய சாளரம் திறக்கும். எதையும் தொடுவதற்கு முன் உங்கள் தனிப்பயன் கோப்பை, வழக்கமாக அது ஏகேட் டாட் சியுஐஎக்ஸ், வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

2. இடப்பக்க மேல் பட்டியலில் மவுஸ் பட்டன்ஸ் என்ற கிளையைத் திறங்கள். அதற்குள் ஷிஃப்ட் கிளிக் என்ற பிரிவு. அதற்குள் மூன்றாம் பட்டன். சுழற்சிக் கட்டளை உட்கார்ந்திருக்கும் இடம் இது.

3. கீழே உள்ள கட்டளைப் பட்டியலில் பேன் என்று தேடி, அதை இழுத்து வந்து அந்த இடத்தில் போடுங்கள்.

4. அப்ளை, ஓகே.

இனி ஷிஃப்டோடு சக்கரத்தை அழுத்தினால் படத்தை நகர்த்தும் கைச்சின்னம் வருமே தவிர, படம் சாயாது. அதே கணினியில் யாராவது முப்பரிமாண வேலையும் செய்கிறார்கள் என்றால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த நாள் காலை வேறொரு குரல் எழும். எம்பட்டன்பேன் என்ற மாறியை 0 ஆக்கச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். அது சக்கரத்தால் படத்தை நகர்த்தும் வசதியையே பறித்துவிடும். தலைவலிக்குத் தலையை வெட்டுவதுபோல.

இரண்டாவது வாசல் ஆட்டோகேடுக்கு வெளியே இருக்கிறது, அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. விண்டோஸில் ஷிஃப்டை அடுத்தடுத்து ஐந்து முறை அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியை இயக்கவா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். வேலை மும்முரத்தில் அதற்கு எண்டர் கொடுத்துவிடுவோம். அதன்பின் ஷிஃப்டை ஒரு முறை தட்டிவிட்டுக் கையை எடுத்தாலும் அது அழுத்தப்பட்டதாகவே கணினி நினைத்துக்கொள்ளும். விரல் மேஜைமேல் இருக்கும், படம் மட்டும் சாயும். பேய் பிடித்ததுபோல இருக்கும். விண்டோஸ் அமைப்புகளில் அணுகல்தன்மை, அதில் விசைப்பலகை என்று போய் ஸ்டிக்கி கீஸையும், அதை இயக்கும் ஐந்து தட்டுக் குறுக்குவழியையும் சேர்த்தே அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் தொடர்ந்தால் விசையையே பாருங்கள். எங்கள் அறையில் ஒரு விசைப்பலகையின் இடது ஷிஃப்ட் அழுத்தினால் எழுந்திருக்காது. அடியில் சர்க்கரை போட்ட தேநீர் காய்ந்து பாறையாகியிருந்தது.

மூன்றாவது வியூகியூப். திரையின் வலது மேல் மூலையில் இருக்கும் கனசதுரம். ஆட்டோகேட் 2009 பதிப்பில் வந்தது. அந்த மூலையில் கிடக்கும் கோடுகளைத் தேர்ந்தெடுக்கப் போனால் கோட்டுக்குப் பதில் கனசதுரத்தின் விளிம்பில் கிளிக் விழும். அதன் பக்கத்தில் தோன்றும் சிறு வீட்டுச் சின்னத்தில் பட்டால் படம் ஐசோமெட்ரிக் கோணத்துக்குப் போய்விடும்.

இருபரிமாண வேலைக்கு இது தேவையே இல்லை என்பது என் முடிவு. ஆப்ஷன்ஸ் சாளரத்தைத் திறந்து (ஓபி என்று தட்டினால் போதும்), 3டி மாடலிங் தாவலுக்குப் போங்கள். வியூகியூபை எந்தெந்தக் காட்சி முறையில் காட்ட வேண்டும் என்று இரண்டு தேர்வுப்பெட்டிகள் இருக்கும். இருபரிமாணக் கம்பிச்சட்ட முறைக்கு உரிய டிக்கை எடுத்துவிடுங்கள். முப்பரிமாணக் காட்சிக்குப் போகும்போது மட்டும் அது தலைகாட்டும். அப்போது அதுவே நல்ல எச்சரிக்கை மணி: கனசதுரம் தெரிந்தால் காட்சி முறை மாறிவிட்டது என்று பொருள். கட்டளை வழியாகச் செய்ய விரும்புகிறவர்கள் என், ஏ, வி, வி, சி, யு, பி, இ, டி, ஐ, எஸ், பி, எல், ஏ, ஒய் என்று சேர்த்துத் தட்டி மதிப்பை 1 ஆக்கலாம். 0 என்றால் எங்குமே வராது; 3 என்றால் எப்போதும் இருக்கும்.

கனசதுரம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு சமரசம். பிளான் பார்வையில் நின்றுகொண்டு, கனசதுரத்தின்மேல் வலது கிளிக் செய்து, இப்போதைய பார்வையையே ஹோம் ஆக்கும் தேர்வைச் சொடுக்குங்கள். இனி வீட்டுச் சின்னத்தைத் தவறித் தொட்டாலும் மேலிருந்து பார்ப்பதற்கே வரும்.

நான்காவது, இடது மேல் மூலையில் அடைப்புக்குறிக்குள் டாப், 2டி வயர்ஃப்ரேம் என்று தெரியும் எழுத்துகள். அவை வெறும் அறிவிப்பு அல்ல, சொடுக்கினால் பட்டியல் விரியும். இதில் ஃபிரண்ட், லெஃப்ட் போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தால் பார்வை மட்டுமல்லாமல் வரையும் தளமும் சேர்ந்து மாறும். யுசிஎஸ்ஆர்த்தோ என்ற மாறி 1 ஆக இருப்பதுதான் காரணம். அதை 0 ஆக்கிவிட்டால் பார்வை மாறினாலும் தளம் தரையிலேயே இருக்கும். அந்த எழுத்துகளே வேண்டாம் என்றால் விபிகன்ட்ரோல் மாறியை 0 ஆக்குங்கள். நான் அவற்றை மறைப்பதில்லை. படம் சந்தேகமாகத் தெரிந்தால் கண் முதலில் போகும் இடம் அதுதான். டாப் என்று இருந்தால் நிம்மதி.

வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும் நேவிகேஷன் பட்டையிலும் ஒரு ஆர்பிட் பொத்தான் உண்டு. நேவ்பார்டிஸ்ப்ளே, 0. முடிந்தது.

ஐந்தாவது வாசலில் விழுகிறவர்கள் குறுக்குவழி எழுத்துகளை மனப்பாடம் செய்த கெட்டிக்காரர்கள். அச்சுத் தாளைத் தயாரிக்கும் லேயவுட்டில் வியூபோர்ட், அதாவது படம் தெரியும் சட்டம் போட வேண்டும் என்று விபி என்று தட்டுவார்கள். அது வியூபோர்ட்டுக்கு உரியதல்ல. பார்வைக் கோணத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டிக்கு உரியது. பெட்டி திறந்ததும் என்னவென்று பார்க்காமல் ஓகே கொடுத்தால் கோணம் மாறிவிடக்கூடும். வியூபோர்ட்டுக்கு எம்வி. அந்தப் பெட்டி தவறித் திறந்தால் அதன் அடியிலேயே பிளான் பார்வைக்குப் போகும் பொத்தான் இருக்கிறது.

ஆறாவது, கோப்பு பிறக்கும்போதே சாய்ந்து பிறப்பது. புதுப் படம் திறந்ததும் கரிய தரையும் குவியும் கட்டங்களும் தெரிந்தால் தவறு உங்கள் கையில் இல்லை, புதுப் படத்துக்கு அச்சாக இருக்கும் டெம்ப்ளேட் கோப்பில் இருக்கிறது. பட்டியலில் ஏகேட்ஐஎஸ்ஓ, ஏகேட்ஐஎஸ்ஓ3டி என்று இரண்டும் அருகருகே இருக்கும், பின்னது முப்பரிமாணத்துக்கானது. ஆப்ஷன்ஸில் ஃபைல்ஸ் தாவலுக்குப் போய், டெம்ப்ளேட் அமைப்புகளின் கீழ் கியூநியூ என்ற புதுப் படக் கட்டளைக்கான இயல்பு டெம்ப்ளேட்டாக உங்கள் அலுவலக டெம்ப்ளேட்டையே வைத்துவிடுங்கள். கீழ் வலதுமூலையில் பற்சக்கரச் சின்னத்தைச் சொடுக்கி, வேலைச்சூழல் டிராஃப்டிங் அண்ட் அனோட்டேஷன் என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேயவுட்டில் பூட்டுப் போடுங்கள்

வரையும் இடமான மாடலில் சாய்ந்தால் கண்ணில் படும். லேயவுட்டில் ஒரு வியூபோர்ட்டுக்குள் இருமுறை சொடுக்கி நுழைந்து, உள்ளே அதே ஷிஃப்ட் விபத்து நடந்தால், நான்கு படங்களில் ஒன்று மட்டும் லேசாகக் கோணும். அளவுகோலும் போய்விடும். அந்தத் தாள் அச்சாகி ஒப்புதலுக்கும் போய்விடலாம். ஆகவே அளவுகோலை வைத்து முடித்ததும் வியூபோர்ட்டின் சட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸில் டிஸ்ப்ளே லாக்டு என்ற வரியை எஸ் ஆக்குங்கள். எம்வி கட்டளையில் லாக் என்ற தேர்வும் இதையே செய்யும். பூட்டிய வியூபோர்ட்டுக்குள் திருத்தலாம், பார்வை அசையாது.

கொஞ்சமாகச் சாய்ந்த படம்

இனி, தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். வீடு முழுதாக மல்லாந்தால் கவலையில்லை, எல்லோருக்கும் தெரியும். ஷிஃப்டும் சக்கரமும் அரை நொடி மட்டும் சந்தித்து, பார்வை இரண்டு மூன்று பாகை சாய்ந்தால் யாருக்கும் தெரியாது. வட்டம் சற்றே நீள்வட்டம்போல இருக்கும். இடது கீழ் மூலையில் இருக்கும் ஆயச் சின்னத்தைப் பாருங்கள். எக்ஸ், ஒய் இரண்டு மட்டும் தெரிந்தால் நேர்ப்பார்வை. இசட் என்ற மூன்றாவது கோடு கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் சாய்ந்திருக்கிறது.

சாய்ந்த பார்வையிலேயே வேலையைத் தொடர்ந்தால் என்ன ஆகும்? எஃப்8 அழுத்தி ஆர்த்தோ போட்டிருந்தால், முப்பரிமாணப் பார்வையில் அது கர்சரை மேலும் கீழுமாகவும் இழுக்கும். கர்சர் அருகே கூட்டல் இசட் அல்லது கழித்தல் இசட் என்று காட்டும். நாம் பார்ப்பதில்லை. அடுக்களைச் சுவரைப் புறவாசல் பக்கம் 10 அடி நீட்டுவதாக நினைத்துத் தட்டுகிறோம். அது வானத்தை நோக்கி 10 அடி போகிறது. பிறகு பிளான் பார்வைக்கு வந்தால் அந்தக் கோடு ஒரு புள்ளியாகத் தெரியும், அல்லது கண்ணுக்கே தெரியாது. ஹேட்ச், அதாவது பரப்பைக் கோடுகளால் நிரப்புவது, போட்டால் எல்லை மூடவில்லை என்று சொல்லும். ஃபில்லெட் சேர்க்க மறுக்கும். அளவுகள் அரை அங்குலம், ஓரங்குலம் வித்தியாசமாக வரும்.

சந்தேகம் வந்தால் இப்படித் துழாவுங்கள். டிஸ்ட் கட்டளையில் இரண்டு முனைகளைத் தொட்டு, விடையில் டெல்டா இசட் 0 தானா என்று பாருங்கள். முழுப் படத்துக்கும் என்றால் கியூசெலக்ட் சாளரத்தில் பொருள் வகை லைன், பண்பு ஸ்டார்ட் இசட், நிபந்தனை சமமல்ல, மதிப்பு 0 என்று கொடுங்கள். எழும்பி நிற்கும் கோடுகள் எல்லாம் தேர்வாகும். எண்ட் இசட்டுக்கும் ஒரு முறை. பிராப்பர்ட்டீஸிலேயே இரண்டையும் 0 ஆக்கிவிடலாம். செங்குத்தாக நின்ற கோடு அப்போது நீளமே இல்லாத ஒன்றாகிவிடும். அதை அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள்.

நூற்றுக்கணக்கில் இருந்தால் எக்ஸ்பிரஸ் டூல்ஸில் உள்ள ஃபிளாட்டன் கட்டளை உதவும். ஆனால் அது எந்தப் பார்வையில் நிற்கிறீர்களோ அந்தப் பார்வைக்குத்தான் படத்தைத் தட்டையாக்கும். சாய்ந்த பார்வையில் நின்று கொடுத்தால் சாய்வு நிரந்தரமாகிவிடும். முதலில் கோப்பின் நகல், அடுத்து யுசிஎஸ், அடுத்து பிளான், அதன்பிறகே ஃபிளாட்டன்.

சாய்க்காமலே இசட் ஏறும் ஒரு வழியும் இருக்கிறது. தாமிரபரணிக் கரையை ஒட்டிய மனைகளுக்கு டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் அளந்த கோப்பு வரும். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தரைமட்டத்தின் உயரம் உண்மையாகவே இருக்கும். அந்தப் புள்ளிகளில் ஸ்னாப் செய்து மனை எல்லையை வரைந்தால், உங்கள் கோடும் அந்த உயரத்துக்கு ஏறிவிடும். கோடு போடும் முன் ஓஸ்னாப்இசட் மாறியை 1 ஆக்கினால், ஸ்னாப் செய்த புள்ளியின் உயரத்தை விட்டுவிட்டு நடப்பு மட்டத்தையே எடுத்துக்கொள்ளும். அந்த மட்டமும் 0 தானா என்று எலிவேஷன் மாறியில் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வேயர் கொடுத்த மூலக் கோப்பைத் தட்டையாக்கிவிடாதீர்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று வீட்டுக்காரர் கேட்கும்போது அந்த உயரங்கள்தான் பதில் சொல்லும்.